ஒரு வோட்டு

சென்ற ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த புதிதில் ஒன்பதாம் வகுப்புக்குக் குடிமைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். பார்லிமெண்டு, மந்திரி சபை, எதிர்க் கட்சி, நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்று கரும்பலகையில் வரிசையாக எழுதிவிட்டுத் திரும்பினோம். கடைசி பெஞ்சியில் ஒரு பையன் எழுந்து நின்றான்.

"ஸார், எதற்காக இத்தனை கூச்சல்? அமெரிக்காவில் செய்கிற மாதிரி ஒரே ஆசாமியைத் தேர்ந்தெடுத்து, 'இந்தா, இத்தனை வருஷத்துக்கு நாடு உன் பொறுப்பு' என்று கொடுத்துவிட்டால் காரியம் மளமளவென்று நடக்காதா?" என்று கேட்டான்.

வகுப்பு முழுவதும் அதை ஆமோதித்துத் தலையை ஆட்டிற்று.

நேயர்களே! அந்தப் பையன் இந்தக் கேள்வியைத் தானாகக் கண்டுபிடித்தான் என்று நாம் நினைக்கவில்லை. இதையே நாம் ரயில் வண்டியில் கேட்டிருக்கிறோம். கல்யாணப் பந்தியில், பாயசத்துக்கும் மோருக்கும் நடுவே கேட்டிருக்கிறோம். டெலிவிஷனில் லோக சபையின் அமளியைப் பார்த்து அலுத்துப்போன நம் மைத்துனர் வாயிலாக, நம் வீட்டுக் கூடத்திலேயே கேட்டிருக்கிறோம். பெரியவர்கள் பேசுவதைத்தான் பையனும் பேசினான். ஆகையால், பையனுக்குச் சொன்ன பதிலைப் பெரியவர்களுக்கும் சொல்லிவைப்பது நல்லது என்று தோன்றுகிறது.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். "நம் நாட்டிலுந்தான் ஜனாதிபதி இருக்கிறாரே?" என்று சிலர் கேட்கலாம். இருக்கிறார். ஆனால் அவர் மந்திரி சபையின் யோசனைப்படி நடக்கக் கடமைப்பட்டவர். இங்கிலாந்து தேசத்து அரசரின் ஸ்தானம் எதுவோ, ஏறக்குறைய அதுவே அவருடைய ஸ்தானம். அமெரிக்க ஜனாதிபதியோ கையெழுத்தும் தாமே, காரியமும் தாமே என்று இருப்பவர். பெயர் ஒன்றாக இருப்பதால் ஏமாந்துவிடக் கூடாது. அதே மாதிரி, அமெரிக்காவில் "காங்கிரஸ்" என்றால் கட்சி என்று அர்த்தமில்லை. அந்த நாட்டுச் சட்டசபைக்கே அதுதான் பெயர்.

ஒரு வோட்டால் பிழைத்தவர்

1865-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஆபிரகாம் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார். உப ஜனாதிபதியாயிருந்த ஆண்ட்ரூ ஜான்ஸன் ஜனாதிபதியானார். உள்நாட்டு யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. தோற்றுப்போன தென் மாகாணங்களை எப்படித் திரும்பச் சேர்த்துக்கொள்வது, விடுதலையடைந்த நீக்ரோ மக்களுக்கு என்ன உரிமை கொடுப்பது என்ற விஷயங்களில் ஜான்ஸனுக்கும் காங்கிரஸுக்கும் ஏழாம் பொருத்தம். காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டங்களை அவர் நிராகரித்தார். அவர் நிராகரித்ததைக் காங்கிரஸ் மூன்றில் இரண்டு பங்கு வோட்டினால் மறுபடியும் நிறைவேற்றியது.

கடைசியில், செனட் சபையின் சம்மதமில்லாமல் மந்திரிகளை விலக்கக்கூடாது என்று 1867-ல் ஒரு சட்டம் வந்தது. ஜான்ஸன் அதையும் மீறி, யுத்த மந்திரி ஸ்டான்டனை 1868 பிப்ரவரியில் விலக்கினார். உடனே பிரதிநிதிகள் சபை அவர்மீது குற்றம் சாட்டிற்று. ஆதரவாக 126 வோட்டு; எதிராக 47. விசாரணை செனட் சபையில் நடந்தது. மே மாதம் 16-ந் தேதி வோட்டு எடுத்தார்கள். "குற்றவாளி" என்றவர்கள் 35 பேர். "குற்றவாளியல்ல" என்றவர்கள் 19 பேர். ஜனாதிபதியை விலக்க 36 வோட்டு வேண்டும். ஒரு வோட்டுக் குறைந்தது!

நாட்டின் சட்டசபையில் பெரும்பாலோர் ஒருவரை வேண்டாம் என்கிறார்கள். ஆயினும் அவர் 1869 மார்ச் வரையில் ஜனாதிபதியாகவே இருந்து, தவணை முடிந்த பிறகுதான் வீட்டுக்குப் போனார்.

ஒரு வோட்டால் போனவர்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1998-ல் பல கட்சிகள் சேர்ந்து அமைத்த மந்திரி சபைக்கு ஸ்ரீ வாஜ்பாய் தலைவராயிருந்தார். 1999 ஏப்ரலில், தமிழ் நாட்டைச் சேர்ந்த அண்ணா தி.மு.க. தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. "லோக சபையின் நம்பிக்கை உமக்கு இருக்கிறதென்று காட்டும்" என்று ஜனாதிபதி ஸ்ரீ கே. ஆர். நாராயணன் கேட்டார். ஏப்ரல் 17-ந் தேதி வோட்டெடுப்பு. ஆதரவு 269, எதிர்ப்பு 270.

ஒரு வோட்டு! அவர்மீது எந்தக் குற்றமும் சாட்டப்படவில்லை. சாட்சி இல்லை, வக்கீல் இல்லை, விசாரணை இல்லை. மந்திரி சபை அன்றே ராஜிநாமாச் செய்தது. வேறு மந்திரி சபை அமையாததால் லோக சபை கலைக்கப்பட்டது. ஆறு மாதம் கழித்து ஜனங்களே அவரைத் திரும்பவும் பிரதம மந்திரியாக்கும்படி வோட்டளித்தார்கள்.

நேயர்கள் இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜனாதிபதி முறையில், "நீ குற்றம் செய்தாயா?" என்பதே கேள்வி. அதற்குப் பதில் கண்டுபிடிப்பது கஷ்டம். விலக்குவது அதைவிடக் கஷ்டம். இன்றுவரை அமெரிக்க ஜனாதிபதி ஒருவரைக்கூட செனட் சபை விலக்கியதில்லை. பார்லிமெண்டு முறையில், "உன்மீது எங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா?" என்பதே கேள்வி. அதை எந்த நாளும் கேட்கலாம். பதில் சொல்லக் காரணங்கூட வேண்டாம். தலைகளை எண்ணினால் போதும். மற்ற வித்தியாசங்களெல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை. அமெரிக்காவில் மந்திரியாயிருப்பவர் காங்கிரஸில் அங்கத்தினராயிருக்க முடியாது. நம் நாட்டிலோ மந்திரியானவர் ஆறு மாதத்துக்குள் பார்லிமெண்டில் இடம் பெறாவிட்டால் மந்திரிப் பதவி போய்விடும். கேள்வி கேட்கிறவர்களுக்கு எதிரிலேயே அவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் உத்தேசம்.

இரு பக்கத்து நியாயமும்

அமெரிக்க முறையில் நன்மை இல்லையென்று நாம் சொல்ல மாட்டோம். ஜனாதிபதிக்குத் தவணை நிச்சயம். காலையில் எழுந்ததும் "இன்று நம் பதவி இருக்கிறதா?" என்று எண்ணிப்பார்க்க வேண்டியதில்லை. உள்நாட்டு யுத்தத்தின் நடுவிலும் 1864-ல் குறித்த காலத்தில் தேர்தல் நடந்தது. இங்கிலாந்திலோ 1935-க்குப் பிறகு 1945 வரையில் பொதுத் தேர்தலே நடைபெறவில்லை. யுத்தத்தை முன்னிட்டுத் தள்ளிப்போட்டார்கள். இன்னொரு நன்மையும் உண்டு. ஜனாதிபதியின் சொந்தக் கட்சியார்கூட, "இந்த மசோதா நல்லதில்லை" என்று எதிர்த்து வோட்டளிக்கலாம். அதனால் சர்க்கார் கவிழ்ந்துவிடாது.

நம் முறையிலுள்ள கெடுதலையும் நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். 1996 மே முதல் 1999 ஏப்ரல் வரையில், மூன்று வருஷத்துக்குள் நான்கு மந்திரி சபைகள் கவிழ்ந்தன. அவற்றில் ஒன்று பதின்மூன்று நாள்தான் உயிரோடிருந்தது. 1996, 1998, 1999 என்று மூன்று பொதுத் தேர்தல்கள். பையன் கேட்ட கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை.

ஆனால் ஆபத்துக் காலத்தில் எந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள்.

1932 நவம்பர் 8-ந் தேதி நடந்த தேர்தலில் ஜனாதிபதி ஹூவர் படுதோல்வியடைந்தார், ரூஸ்வெல்ட் ஜெயித்தார். ஆனால் ரூஸ்வெல்ட் பதவி ஏற்றது 1933 மார்ச் 4-ந் தேதி. நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம். பாங்குகள் ஒவ்வொன்றாகக் கதவை அடைத்தன. பதவியிலிருந்தவருக்கு ஜனங்களின் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை பெற்றவருக்குப் பதவி இல்லை. ஏறக்குறைய நாலு மாதம் நாடு இப்படித் தவித்தது. அடுத்த தவணையிலிருந்து பதவியேற்கும் நாள் ஜனவரி 20 ஆயிற்று.

1940 மே மாதத்தில் இங்கிலாந்து. நார்வேயில் பிரிட்டிஷ் படைகள் தோல்வியுற்றன. மே 7, 8 தேதிகளில் பார்லிமெண்டில் விவாதம். முடிவில் பிரதம மந்திரி சேம்பர்லேன் தோற்கக்கூட இல்லை. 281-க்கு 200 என்று ஜெயித்தார். ஆனால் வழக்கமாக இருநூறுக்கு மேலிருந்த பெரும்பான்மை 81 ஆகிவிட்டது. அவர் பக்கத்து அங்கத்தினர்களிலேயே சுமார் நாற்பது பேர் எதிர்த்து வோட்டளித்தார்கள். இன்னும் பலர் வோட்டளிக்காமல் இருந்துவிட்டார்கள். இரண்டு நாளில், மே 10-ந் தேதி, சேம்பர்லேன் விலகினார், சர்ச்சில் வந்தார். அன்று காலையில்தான் ஹாலந்து, பெல்ஜியம் நாடுகளுக்குள் ஜெர்மன் படைகள் புகுந்திருந்தன. எதிரி வாசலில் நிற்கும்போது குதிரையை மாற்றினார்கள், வண்டி குடைசாயவில்லை.

நம் பக்கத்து வீடான இலங்கையும் இதற்கு ஒரு சாட்சி. 1978-ல் ஸ்ரீ ஜெயவர்த்தனா கொண்டுவந்த அரசியல் சட்டம், பார்லிமெண்டை வைத்துக்கொண்டே, அதற்கு மேல் நிர்வாக அதிகாரம் உள்ள ஜனாதிபதியை ஏற்படுத்திற்று. 2022-ல் பெட்ரோலும் மருந்தும் கிடைக்காமல் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். பிரதம மந்திரி மே மாதம் ராஜிநாமாச் செய்தார். ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ஷ, ஜனக்கூட்டம் மாளிகைக்குள் புகுந்து, தாம் நாட்டைவிட்டே வெளியேறிய பிறகு, ஜூலை மத்தியில்தான் ராஜிநாமாக் கடிதம் அனுப்பினார். சபைக்குள் தீர வேண்டிய வழக்குத் தெருவில் தீர்ந்தது.

நாம் வேண்டுமென்றே செய்த தேர்வு

நம் நாட்டார் பார்லிமெண்டு முறையைக் கண்ணை மூடிக்கொண்டு வெள்ளைக்காரனிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள் என்று சிலர் பேசுவதுண்டு. அது சரியன்று. 1948 நவம்பர் 4-ந் தேதி, அரசியல் நிர்ணய சபையில் நகல் சட்டத்தைச் சமர்ப்பித்தபோது டாக்டர் அம்பேத்கர் இந்த விஷயத்தை விளக்கமாகவே எடுத்துரைத்தார். ஸ்திரத்தன்மை, பொறுப்பு இரண்டும் ஒரு சர்க்காருக்கு அவசியம். இரண்டையும் சம அளவில் தரும் முறையை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்க முறையில் ஸ்திரம் அதிகம், பொறுப்புக் குறைவு. பிரிட்டிஷ் முறையில் பொறுப்பு அதிகம், ஸ்திரம் குறைவு. நகல் சட்டம் பொறுப்பையே பெரிதாக மதிக்கிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம். அமெரிக்காவில் சர்க்காரைத் தவணைக்கு ஒரு முறை எடை போடுகிறார்கள். பார்லிமெண்டு முறையிலோ தேர்தலில் ஜனங்கள் எடை போடுவது தவிர, சபையில் தினந்தோறும் எடை போடுகிறார்கள் என்றும் விளக்கினார். பேராசிரியர் கே. டி. ஷா அதே சபையில் அமெரிக்க முறைக்காக வாதாடினார். சபை அவர் சொன்னதையும் கேட்டுத்தான் முடிவு செய்தது.

தினசரி எடை என்பது வெறும் பேச்சல்ல. 1957 டிசம்பரில் லோக சபையில் ஸ்ரீ பெரோஸ் காந்தி ஒரு கேள்வியைக் கிளப்பினார். ஜனங்கள் கட்டிய ஆயுள் இன்ஷூரன்ஸ் பணத்தில் சுமார் 1¼ கோடி ரூபாயைக் கொண்டு, முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிப் பங்குகளை ஏன் வாங்கினார்கள் என்பதுதான் கேள்வி. கேட்டவர் எதிர்க் கட்சிக்காரரல்ல. ஆளும் கட்சி அங்கத்தினர். அது மட்டுமா? பிரதம மந்திரி நேருவின் சொந்த மாப்பிள்ளை! நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரித்தார். நிதி மந்திரி பணம் எடுத்துக்கொண்டார் என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. தம் இலாகாவில் நடந்ததற்கு அவரே பொறுப்பாளி என்றுதான் சொன்னார்கள். 1958 பிப்ரவரியில் அவர் ராஜிநாமாச் செய்தார். அந்த நிதி மந்திரி நம் ஸ்ரீ டி. டி. கிருஷ்ணமாச்சாரி. அரசியல் சட்டத்தின் நகலைத் தயாரித்த கமிட்டியிலும் அவர் அங்கத்தினராயிருந்தார். தாம் செய்த தராசில் தாமே ஏறி நிற்கும்படி ஆயிற்று.

1963 ஆகஸ்டில் ஆசார்ய கிருபளானி நேருவின் மந்திரி சபை மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரவு 62, எதிர்ப்பு 347. ஜெயிக்காது என்பது யாவருக்கும் தெரியும். ஆயினும் சீன யுத்தத்தின் தோல்விக்கு நாடறியப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் சர்க்காருக்கு ஏற்பட்டது.

தராசின் முள்

இப்போது நம் மனத்தை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறோம்.

1967-ல் ஹரியானாவில் கயாலால் என்ற அங்கத்தினர் பதினைந்து நாளுக்குள் மூன்று முறை கட்சி மாறினார். அந்த வியாதி நாடெங்கும் பரவிற்று. அதைத் தடுக்க 1985-ல் அரசியல் சட்டத்தை ஐம்பத்திரண்டாம் முறையாகத் திருத்தினார்கள். கட்சி மாறுகிறவர் மட்டுமல்ல, கட்சிக் கொறடாவின் கட்டளைக்கு விரோதமாகச் சபையில் வோட்டளிப்பவரும், வோட்டளிக்காமல் இருப்பவரும்கூட, கட்சி மன்னித்தாலன்றிப் பதவியை இழப்பார்கள் என்று விதித்தார்கள். 1992-ல் சுப்ரீம் கோர்ட்டும் இந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது.

உத்தேசம் நல்லதுதான். மாட்டுச் சந்தையைப் போல அங்கத்தினர்களை விலை பேசுவதை யார்தான் சகிப்பார்கள்? ஆனால் சேம்பர்லேனை எதிர்த்து வோட்டளித்த அந்த நாற்பது பேர் இன்று நம் லோக சபையில் இருந்தால் என்ன நேரும்? யுத்தத்தில் நாட்டைக் காப்பாற்றிய குற்றத்துக்காக அவர்களுடைய பதவி போகும்! அமெரிக்காவில் ஜான்ஸனைக் காப்பாற்றியவர்களும், அவரை வெறுத்த தங்கள் கட்சியின் விருப்பத்தை மீறிய ஏழு குடியரசுக் கட்சி செனட்டர்களே. அந்த வோட்டு சரியா, தப்பா என்று சரித்திரக்காரர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் அது அவர்களுடைய சொந்த வோட்டு.

ஸ்திரத்தை விட்டுக்கொடுத்துப் பொறுப்பை வாங்கினோம். பிறகு அந்தப் பொறுப்பையும் கொறடாவின் கையில் கொடுத்துவிட்டால், நமக்கு மிஞ்சுவது என்ன? சர்க்காரின் உயிரே ஊசலாடும் நம்பிக்கைத் தீர்மானத்துக்கும் பட்ஜெட்டுக்கும் மட்டும் கட்சிக் கட்டளை இருக்கட்டும். மற்ற மசோதாக்களில் அங்கத்தினர்கள் மனச்சாட்சிப்படி வோட்டளிக்கட்டும் என்பது நம் தாழ்மையான அபிப்பிராயம்.

சட்டாம்பிள்ளைகள்

வகுப்புக்குத் திரும்புவோம். பையனுக்கு நாம் பிரசங்கம் செய்யவில்லை. நம்மிடம் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பிரிவுகள் உண்டு. முதல் பிரிவார் எல்லோரும் சேர்ந்து, காலாண்டுப் பரீட்சை வரையில் ஒரு சட்டாம்பிள்ளையைத் தேர்ந்தெடுத்தார்கள். குற்றம் நிரூபித்தாலன்றி அவனை மாற்றக் கூடாது. இரண்டாம் பிரிவார் பெஞ்சிக்கு ஒருவராக ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஆறு பேர் ஒரு சட்டாம்பிள்ளையை நியமிப்பார்கள். நாலு பேர் வேண்டாமென்றால் அவன் இறங்கிவிட வேண்டும்.

முதல் பிரிவில் கரும்பலகை எப்போதும் பளிச்சென்று இருந்தது. ஆனால் ஒரு மாதம் சென்றதும், சட்டாம்பிள்ளையின் சிநேகிதர்கள் எவ்வளவு கூச்சலிட்டாலும் அவர்கள் பெயர் மட்டும் பலகையில் ஏறுவதில்லை. கேட்டால், "குற்றத்தை நிரூபி" என்றான். இரண்டாம் பிரிவில் ஆறு வாரத்துக்குள் மூன்று சட்டாம்பிள்ளைகள். சாக்குக் கட்டிப் பெட்டி எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. நாலாவது சட்டாம்பிள்ளை வந்ததும் திடீரென்று அமைதி நிலவிற்று. நாமும் சந்தோஷப்பட்டோம். விசாரித்ததில், பெஞ்சித் தலைவர்களில் நாலு பேர், "நீ என்னைக் கேட்காதே, நான் உன்னைக் கேட்கவில்லை" என்று ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தது தெரிந்தது.

அந்த நாலு பேரில் ஒரு பெண், பத்து நாள் கழித்து எழுந்து, "நம் பெஞ்சிக்காரர்கள் பெயரை ஏன் எழுதுவதில்லை?" என்று சட்டாம்பிள்ளையைக் கேட்டுவிட்டாள். அவளுடைய பெஞ்சியார் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பலகையில் எல்லார் பெயரும் ஏறிற்று. அவள் பெயரும் ஏறிற்று.

கடைசி பெஞ்சிப் பையன் நம்மிடம் வந்து, "ஸார், எந்தப் பிரிவு ஜெயித்தது?" என்று கேட்டான். "அந்தப் பெண் எந்தப் பிரிவிலிருந்தாளோ அது" என்றோம்.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த தேர்தலில் அபேட்சகர் கை கூப்பிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வருவார். மோர் கொடுத்து உட்காரவையுங்கள். ஏற்கெனவே அங்கத்தினராயிருந்தவரானால், "ஐயா, ஐந்து வருஷத்தில் சபையில் எத்தனை கேள்வி கேட்டீர்கள்? உங்கள் கட்சி மந்திரியிடம் ஒரு கேள்வியாவது கேட்டீர்களா?" என்று வினவுங்கள். வீட்டுப் பெண்மணிகள் கேட்டால் இன்னும் விசேஷம். காய்கறிக்காரனிடம் தராசின் முள்ளைப் பார்த்து வாங்குகிறவர்கள் அவர்களே அல்லவா?